அதிசய 'டயட்'டும் அன்றாடச் சோறும்

எங்கள் விடுதியில் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு 'டயட்' வந்து போகும். முதலாம் ஆண்டில் கீட்டோ வந்தது. சோற்றைத் தொடாமல் முட்டையும் கோழியுமாகத் தின்றார்கள். அடுத்த பருவத்தில் மதியம் ஒரு மணி வரை பட்டினி. அதன் பிறகு ஆப்பிள் சைடர் வினிகர், எலுமிச்சை பிழிந்த கறுப்புக் காப்பி, ஊறவைத்த சியா விதை. இந்தப் பருவத்தில் எது ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் விடுதியின் பொதுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். ஆனால், தேர்வு வாரம் வந்துவிட்டால் கீட்டோவும் வினிகரும் ஒரே மேசைக்கு வந்து விடுகின்றன. நள்ளிரவு மாமாக் கடை, மீ கோரெங், தே ஐஸ்.

தோழிகளைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. நான் உணவியல் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆகவே, "எந்த டயட் நல்லது?" என்ற கேள்வி வாரம் ஒரு முறையாவது என்னிடம் வருகிறது. நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதில் என்னிடம் இல்லை. கழக ஆண்டிதழில் இடம் கிடைத்ததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரும் எங்கள் சீனியும்

என் ஊர் சாஆ. ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் "தேநீரா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. இக்கட்டுரையில் தேநீர் வரப்போவதால் அவர்களை மன்னித்து விடுகிறேன்.

சிறிய ஊர்தான் என்றாலும் சுகாதார ஆய்வுலகில் சாஆவுக்கு ஓரிடம் உண்டு. சியாக்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்கிழக்காசியச் சமூகக் கண்காணிப்பகத்தை மோனாஷ் பல்கலைக்கழகம் 2011ஆம் ஆண்டில் சிகாமாட் மாவட்டத்தில் நிறுவியது. மாவட்டத்தின் 11 முக்கிம்களில் பெக்கோக், சாஆ, கெமெரே, ஜாபி, சுங்கை சிகாமாட் ஆகிய ஐந்து முக்கிம்களில் வாழும் ஏறத்தாழ 40,000 பேரை அது தொடர்ந்து கவனித்து வருகிறது. ஆய்வாளர்கள் வீடு வீடாக வந்து எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளப்பார்கள். எத்தனையோ ஆய்வுகள் ஒரு முறை வந்து கணக்கெடுத்துவிட்டுப் போய்விடும். இவர்கள் அதே வீடுகளுக்கு மீண்டும் வருகிறார்கள். ஒரு மனிதனின் உடல் நலத்தை ஒரு நாள் அளவைக் கொண்டு முடிவு செய்ய முடியாது என்பதைத் துறைப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே ஊரில் நாங்கள் பார்த்துவிட்டோம்.

நாடு முழுமைக்குமான கணக்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, பத்துப் பேரில் மூன்று பேர். 2023ஆம் ஆண்டின் ஆய்வு நாட்டின் மொத்த விகிதத்தை 15.6 விழுக்காடு என்கிறது. ஆனால் அதே ஆய்வில், அளவுக்கு மீறிய எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள் 54.4 விழுக்காடாக உயர்ந்திருக்கிறார்கள். புதிதாக டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் நீரிழிவுதான். சாஆவில் எங்கள் தாமானில் ஒரே வரிசையில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தால் 31.4 என்ற எண் எனக்குக் குறைவாகவே தோன்றுகிறது.

நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு? பாட்டி பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன் பெரட்டுக் களம், பிறகு மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடை, மதியம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மீண்டும் நடை. வீட்டுக்கு வந்து ஒரு மலைச் சோறு தின்பார் என்று அப்பா சொல்வார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை. ஆனால், தட்டில் விழும் சோறு பாட்டி காலத்து அளவுதான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலும் நடந்தது இதுவே. இதோடு, தெற்காசிய வம்சாவளியினருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது என்பதும் சேர்ந்து கொள்கிறது. ஆகவேதான், ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று தனியாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். "நான் ஒல்லிதானே" என்று நினைக்கும் தம்பிமார்கள் ஒரு முறை அளவு நாடாவை எடுத்து அளந்து பார்க்கலாம்.

போன எடை ஏன் திரும்பி வருகிறது

கீட்டோவைத் தொடங்கிய தோழி முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததாகத் துள்ளிக் குதித்தார். நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தியவுடன் கிளைக்கோஜன் கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. தராசு அதையும் எடைக்குறைவு என்றுதான் காட்டும். சோறு திரும்பியதும் தண்ணீரும் திரும்புகிறது. விளம்பரங்களில் வரும் 'ஏழே நாளில்' என்ற வாக்கின் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

நீண்ட காலப் பட்டினியின் கதை இன்னும் மோசமானது. அமெரிக்காவில் 'தி பிகெஸ்ட் லூசர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அது மட்டுமா? அவர்களின் உடல் ஓய்வு நிலையில், அந்த எடைக்கு எரிக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று உடல் சிக்கனம் பிடிக்கப் பழகிவிட்டது. பிறகு அவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று திட்டுவதில் என்ன நியாயம்?

சரி, எந்த டயட் சிறந்தது? 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு ஆராய்ந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன் 2005இல் பாஸ்டனில் 160 பேரிடம் நான்கு புகழ்பெற்ற டயட்டுகளைச் சோதித்தார்கள். எந்த டயட் என்பதைவிட, எவர் அதை விடாமல் பின்பற்றினார் என்பதே பலனைத் தீர்மானித்தது. கடுமையான இரண்டு முறைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓராண்டுக்குள் ஆய்வை விட்டே போய்விட்டார்கள். ஆய்வில் சேர முன்வந்து, ஆலோசகர்கள் பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலை என்றால், தேர்வு வாரத்தில் நம் விடுதி என்ன செய்யும்?

ஆபத்தான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் அத்தை இரவுச் சந்தையில் ஒரு 'மெலியும் காப்பி' வாங்கினார். பசி போய்விட்டது, கூடவே தூக்கமும் போய்விட்டது. நெஞ்சு படபடத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். அத்தை குடித்த காப்பியில் என்ன இருந்தது என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால், இப்படி விற்கப்படும் மெலியும் பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து இரகசியமாகக் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. பொட்டலத்தின் மேல் 'இயற்கை மூலிகை' என்று எழுத எந்தச் செலவும் இல்லை.

சென்னையில் கிடைத்த பதில்

நான் தேடிய பதில் மேலைநாட்டு ஆய்வில் கிடைக்கவில்லை, சென்னையில் கிடைத்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். ஒரு பிரிவுக்கு வாழ்க்கை முறை மாற்றம். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. கடைசிப் பிரிவுக்கு இரண்டும்.

வாழ்க்கை முறை மாற்றம் என்று அவர்கள் கேட்டது என்ன? உட்கார்ந்து வேலை செய்பவர்கள் நாளும் அரை மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்கள் அதைத் தொடர்ந்தால் போதும். சீனியைத் தவிர்க்க வேண்டும், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். சோறு, இட்லி, தோசை என்ற தமிழ்ச் சமையலறைக்குள்ளேயே செய்யக்கூடியவை. மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கை முறையை மாற்றிய பிரிவில் 39.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் ஏறக்குறைய இதே நிலைதான். இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறு. நோயைத் தள்ளிப்போட்ட அவர்கள் எடையில் குறையவே இல்லை! தராசை மட்டும் பார்த்திருந்தால் மூன்று ஆண்டு உழைப்பும் வீண் என்று விட்டிருப்பார்கள். நடக்கும் தசை சீனியை வாங்கிக் கொள்கிறது, இன்சுலின் இலகுவாக வேலை செய்கிறது. தராசுக்கு இது எதுவும் தெரியாது. நம்மில் பலர் நல்ல பழக்கத்தை இரண்டாவது மாதத்தில் கைவிடுவதற்குக் காரணமே தராசு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பொய் சொல்வதுதான் என்பது என் கருத்து.

அதே குழுவினர் பின்னர் 537 ஆண்களுக்குக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிச் சோதித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. 2013இல் இம்முடிவு வெளியானது. மருந்தோ தனி உணவோ கூடுதலாகத் தரவில்லை, அவ்வப்போது ஒருவர் நினைவூட்டினார், அவ்வளவே.

பழக்கம் ஊன்ற எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டிருக்கிறார்கள். '21 நாள்' என்று எல்லாரும் சொல்கிறோம் அல்லவா? அங்கே கிடைத்த நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாளும், சிலருக்கு 254 நாளும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. "நேற்று ரொட்டி சானாய் தின்றுவிட்டேன், எல்லாம் போச்சு" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அம்மா செய்த ஆய்வு

அப்பாவுக்குச் சீனி வியாதி என்று தெரிந்தபோது நான் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 9.2. அக்கம் பக்கத்தார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாகற்காய்ச் சாறு, வெண்டைக்காய்த் தண்ணீர், "மாத்திரையை நிறுத்து, கிட்னி போய்விடும்" என்ற பயமுறுத்தல். இந்தக் கடைசி ஆலோசனைதான் நம் ஊர்களில் அதிகச் சேதம் விளைவிக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சீனி. அதைக் கட்டுப்படுத்தத்தான் மாத்திரை. ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் என்றால் மருத்துவரே அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார்.

அம்மா படித்தது ஆறாம் ஆண்டு வரைதான். அவர் யாரிடமும் கேட்கவில்லை. அப்பா நாளுக்கு நான்கு குவளைத் தேநீர் குடிப்பார், குவளைக்கு மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு நான்கு கிராம் என்று வைத்தாலும் 48 கிராம் ஆகிறது. நாளுக்கு 25 கிராம் அளவில் நிறுத்துவது கூடுதல் நன்மை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. அம்மா பொங்கல் முடிந்ததும் அரைக் கரண்டி குறைத்தார். மூன்று வாரம் கழித்து இன்னோர் அரைக் கரண்டி.

"என்னாம்மா இது, குவளை கழுவுன தண்ணி மாதிரி இருக்கு?"

"அதாங்க இனிமே தண்ணி. குடிங்க."

மே மாதப் பிறப்பில் அரைக் கரண்டிக்கு வந்துவிட்டார். இப்போது கடையில் தே தாரிக் குடித்தால் அப்பாவே தெகட்டுகிறது என்று பாதியில் வைத்துவிடுகிறார். நாக்கும் பழகக்கூடிய உறுப்புதான்.

சோற்றை அம்மா நிறுத்தவில்லை. தோட்டத்துச் சாப்பாட்டில் வளர்ந்த ஒரு லோரி ஓட்டுநரிடம் சோறு வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். கரண்டியை மட்டும் மாற்றினார். முதலில் தட்டில் கங்குங் கீரையோ பயத்தங்காயோ பாதி இடத்தைப் பிடித்துவிடும். பிறகு மீன். மீதி இடத்தில் சோறு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ', அதாவது தட்டில் கால் பகுதி சோறு, கால் பகுதி மீன் அல்லது கோழி, பாதி காய்கறியும் பழமும் என்ற கணக்கு இதுதான். அம்மாவிடம் அந்தச் சுவரொட்டியைக் காட்டினேன். "இதுக்கெல்லாமா படம் போடுறாங்க?" என்றார்.

நடை மட்டும் எளிதாக அமையவில்லை. காலையில் அப்பா ஐந்து மணிக்கே போய்விடுவார். மாலையில் பள்ளித் திடலில் நாய்த் தொல்லை, ஆண்டு முடிவில் மழை. கடைசியில் இருவரும் கோவில் மண்டபத்தைச் சுற்றத் தொடங்கினார்கள். கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பேச்சுத் துணைக்கு ஆளும் உண்டு. ஒரு நாள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று நான்கு பேர் கேட்பார்கள். சென்னைக் குழுவின் குறுஞ்செய்தி வேலையை எங்கள் ஊரில் கோவில் அக்காமார்கள் செய்தார்கள். ஓராண்டு கழித்து அப்பாவின் அளவு 7.6. மாத்திரைக்கும் இதில் பங்குண்டு என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். எடை இரண்டு கிலோ கூடக் குறையவில்லை.

விடுதியில் நமக்குச் சமையலறை இல்லை, கையில் காசும் குறைவு. ஆனால், நாசி சம்புர் கடையில் கரண்டி நம் கையில்தான் இருக்கிறது. முதலில் காய்கறி, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றுவதற்கு ஒரு சென்னும் கூடுதலாகக் கேட்பதில்லை. 'கோசோங்' என்ற ஒரு மலாய்ச் சொல் போதும், சீனி இல்லாத தேநீர் வந்துவிடும். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள ஆலைப் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் நாட்டில் தனி வரி உண்டு. கண்ணெதிரே ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. அதற்கு நாம்தான் வரி போட வேண்டும். விரிவுரை மண்டபத்துக்குப் பேருந்தில் போகாமல் நடந்தால் எனக்குப் போகவர நாற்பது நிமிடம் ஆகிறது. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேல் உணவின் அளவைப் பற்றியே பேசியிருப்பதை இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் மனனம் செய்தோம். மதிப்பெண்ணுக்காகச் செய்தது, இப்போது பயன்படுகிறது.

பருவ விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அப்பா அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் விரலில் ஒரு சொட்டு இரத்தம் சோதித்துப் பாருங்கள். நீங்களும் கையை நீட்டுங்கள்.

நம் கழகத்திலும் ஒரு சிறு சோதனை நடக்கிறது. சுகாதார அமைச்சின் கோஸ்பென் திட்டத்தில் உள்ள ஊர்களில் விருந்துகளில் வெறும் தண்ணீர் வைப்பதும், பானத்தில் சீனியைக் கலக்காமல் தனியாக வைப்பதும் வழக்கம். அதைப் பார்த்து இவ்வாண்டு நம் செயலவைக் கூட்டங்களில் சிரப் தண்ணீரை நிறுத்தினோம். ஒரு பாத்திரம் தண்ணீர், ஒரு பாத்திரம் தே ஓ கோசோங், பக்கத்தில் ஒரு கிண்ணம் சீனி. முதல் கூட்டத்தில் கிண்ணம் காலியாகி மறுபடியும் நிரப்ப வேண்டியிருந்தது. ஐந்தாவது கூட்டத்தில் பாதிக் கிண்ணம் மீந்தது. பொருளாளர் மட்டும் இன்னும் மூன்று கரண்டிதான் போடுகிறார்.